உரமும் நஞ்சும் தந்த ஒரே கை
இரசாயன மேதை பிரிட்ஸ் ஹேபரின் வாழ்க்கை

பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் மழை விழுந்து மண் நனைந்ததும் உரம் போடும் வேலை தொடங்கிவிடும். காலைப் பெரட்டில் பேர் கொடுத்து, உர மூட்டையைச் சுமந்து மலையேறும் நம் தொழிலாளச் சகோதரர்கள், தேயிலைச் செடிகளுக்கு இடையே அதைக் கையால் வீசிச் செல்வார்கள். அந்த உரத்தின் உயிர்நாடி நைதரசன். தேயிலைக்கு அது மிகுதியாக வேண்டும். ஏனெனில் நாம் பறிப்பது காயையோ கனியையோ அல்ல, இலையையே. கூடை கூடையாகக் கொழுந்து இறங்கும்போது மண்ணின் சத்தும் அதனுடன் இறங்கிப் போகிறது.

இந்த நைதரசனைக் காற்றிலிருந்து பிடித்து உரமாக்க வழி கண்டவர் ஜேர்மனி நாட்டு அறிஞர் பிரிட்ஸ் ஹேபர். மனிதரைக் கொல்லும் நச்சுப்புகையைப் போர்க்களத்தில் முதன்முதலாகப் பெருமளவில் அவிழ்த்துவிட்டவரும் அவரே. சில கண்டுபிடிப்புகள் இவ்வுலகில் தோன்றாமலே இருந்திருக்கலாமே என்று நாம் பெருமூச்சு விடுவதுண்டு. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளிவிடுவது என்று சிந்திப்பவர்களுக்கு ஹேபரின் வாழ்க்கை ஒரு பெரும் பாடமாகும்.

தாயற்ற பிள்ளை

1868ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி, இன்று போலந்து நாட்டில் உள்ளதும் அன்று ஜேர்மனிக்கு உரியதாயிருந்ததுமான பிறெஸ்லோ நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் ஹேபர் பிறந்தார். பிறந்து மூன்று வாரங்களில் தாயை இழந்தார். தந்தை சாயப்பொருள் வணிகர். மகனோ வணிகத்தில் மனம் பற்றாமல் இரசாயனம் கற்று, 1891இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். யூதர்களுக்குப் பல்கலைக்கழகப் பதவிகள் எளிதில் கிட்டாத காலம் அது. அடுத்த ஆண்டு அவர் புரட்டஸ்தாந்து சபையில் திருமுழுக்குப் பெற்றார். 1894 முதல் கார்ல்ஸ்ரூ நகரில் ஆசிரியப் பணி புரிந்தார். 1901இல் கிளாரா என்னும் பெண்மணியை மணந்தார். கிளாராவும் இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பிறெஸ்லோ பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்ற முதற் பெண் அவரே.

காற்றிலிருந்து உரம்

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். ஆயினும் பெரும்பாலான பயிர்கள் அதை நேரே உண்ண மாட்டா. அக்காலத்தில் ஐரோப்பா தன் வயல்களுக்கு வேண்டிய நைதரசனைத் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து வெடியுப்பாகக் கப்பல்களில் கொண்டுவந்தது. அந்த உப்பு தீர்ந்துபோனால் உலகம் பசியில் வாடும் என்று அறிஞர்கள் அஞ்சினர்.

ஹேபர் இதற்கு விடை கண்டார். நைதரசனையும் ஐதரசனையும் கடும் வெப்பத்தில், காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில், ஓர் உலோகத்தின் துணையோடு சேரச் செய்தார். 1909 ஜூலையில், தொழிற்சாலை அதிகாரிகளின் கண்முன்னே அமோனியா சொட்டுச் சொட்டாக வடிந்தது. கார்ல் பொஷ் என்னும் பொறியியலாளர் அதைப் பெரும் தொழிலாக வளர்த்தார். 1913இல் ஒப்பாவு என்னுமிடத்தில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு இம்முறையால் வரும் உரத்தையே நம்பியிருக்கிறது.

போரின் சோதனை

1914இல் முதலாம் உலகப்போர் மூண்டது. சிலி நாட்டு உப்பு ஜேர்மனிக்கு வராதபடி பிரித்தானியக் கடற்படை வழிமறித்தது. வயலுக்கென்று பிறந்த அமோனியா வெடிமருந்து ஆலைகளுக்குத் திருப்பப்பட்டது. ஹேபர் அத்துடன் நிற்கவில்லை. சமாதான காலத்தில் அறிஞன் உலகத்துக்கு உரியவன், போர்க்காலத்தில் தன் நாட்டுக்கே உரியவன் என்பது அவருடைய கொள்கை. எதிரியின் பதுங்கு குழிகளில் குளோரீன் புகையைச் செலுத்தினால் போர் விரைவில் முடியும் என்று கருதினார்.

1915 ஏப்ரல் 22ஆம் திகதி மாலை, பெல்ஜியம் நாட்டு ஈப்ர் நகருக்கு அருகே, அவருடைய மேற்பார்வையில் ஆயிரக்கணக்கான உருளைகள் திறக்கப்பட்டன. மஞ்சள் கலந்த பச்சை மேகம் காற்றோடு தவழ்ந்து சென்று பிரெஞ்சுப் படையினரையும் அல்ஜீரிய வீரர்களையும் மூச்சுத்திணறச் செய்தது. சில நாட்களில் அங்கே போரிட வந்த இந்திய வீரர்களும் அப்புகைக்கு ஆளாயினர். போர் விரைவில் முடியவில்லை. எதிர்த்தரப்பும் அதே ஆயுதத்தைக் கையில் எடுத்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 90,000 பேர் நச்சுப்புகையால் மாண்டனர்.

ஈப்ர் நகரில் புகை அவிழ்க்கப்பட்ட பத்தாம் நாள் கிளாரா தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கணவரின் இந்த வேலையை அவர் வெறுத்தார் என்று அவரை அறிந்தவர்கள் பின்னர் கூறினர். ஹேபரோ மகனை வீட்டில் விட்டுவிட்டு அடுத்த போர்முனைக்குப் புறப்பட்டுப் போனார்.

கைவிட்ட தாய்நாடு

அமோனியாவுக்காக 1918ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பிற நாட்டு அறிஞர் பலர் அதை எதிர்த்தனர். போரில் தோற்ற தம் நாட்டின் கடனை அடைக்கக் கடல்நீரிலிருந்து பொன் எடுக்கப் பல ஆண்டுகள் முயன்று தோற்றார். நாட்டுக்காக மனச்சாட்சியையே ஒதுக்கி வைத்த அவரை அந்த நாடு ஏற்றுக்கொண்டதா? 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், தம் நிலையத்தில் பணிபுரிந்த யூதர்களை நீக்குமாறு அவருக்குக் கட்டளை வந்தது. அதற்கு இணங்காமல் பதவி துறந்து நாட்டை விட்டு வெளியேறினார். 1934 ஜனவரி 29ஆம் திகதி சுவிற்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் மாரடைப்பால் மறைந்தார். கிளாராவின் அஸ்தியும் அவர் விரும்பியபடி பின்னர் அவரருகே அடக்கம் செய்யப்பட்டது.

அவர் தலைமை தாங்கிய நிலையத்தோடு தொடர்புடைய அறிஞர்கள் பூச்சிகளைக் கொல்லவென்று ஒரு வாயுவை உருவாக்கியிருந்தனர். இரண்டாம் உலகப்போரில் அவ்வாயுவே நாசிகளின் கொலைக்கூடங்களில் யூத மக்களைக் கொன்றது. மாண்டவர்களுள் ஹேபரின் உறவினர்களும் இருந்தனர்.

நமக்கு உள்ள பாடம்

இம்மனிதரின் கண்டுபிடிப்புகளில் எதைத் தள்ளுவது? உரத்தைத் தள்ளினால் என்ன ஆகும் என்பதை நாம் நேரே அனுபவித்தோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு இறுதிக்குள் தடை நீங்கியும், உர விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. கொழுந்து குறைந்தால் கிலோ சேராது. கிலோ சேராவிட்டால் அரைப்பேர்தான். கொழும்பில் போட்ட கையெழுத்தின் சுமை லயத்து அடுப்பிலேதான் இறங்கியது. அளவுமீறி உரமிட்டால் மண் புளித்துப்போகும் என்பதும் உண்மை. கவ்வாத்து வெட்டியபின் டொலமைற் போடுவது அதற்காகவே. ஆகவே உரத்தை அறிந்து, அளந்து, மெல்ல மெல்லக் குறைப்பதே அறிவு. ஒரே இரவில் பிடுங்குவது ஏழையின் வயிற்றில் அடிப்பதாகும்.

நச்சுப்புகையின் கதை வேறு. அது இல்லாததால் எந்தக் குழந்தையும் பசியால் வாடப்போவதில்லை. 1925இல் ஜெனீவாவில் நாடுகள் கூடி அதைப் போரில் பயன்படுத்துவதைத் தடைசெய்தன. 1993இல் அதைச் செய்வதையும் சேர்த்துவைப்பதையும் தடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நாடுகள் கணக்குக் காட்டிய கையிருப்பில் எஞ்சியிருந்ததும் 2023 ஜூலையில் அழிக்கப்பட்டது. தடையை மீறியவர்கள் உண்டு. எனினும் ஒரு தீய கண்டுபிடிப்பை மனிதரால் கைவிட முடியும் என்பதற்கு இது சான்று.

கண்டுபிடிப்பு எதுவாயினும், அது இல்லாவிட்டால் யார் பசித்திருப்பார், அது இருந்தால் யார் மூச்சடைத்து மாள்வார் என்ற இரு கேள்விகளையும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஹேபர் இரண்டாவது கேள்வியைக் கேட்க மறுத்தார். நம் பிள்ளைகளில் பலர் இன்று விஞ்ஞானம் கற்கிறார்கள். சூத்திரங்களோடு இக்கேள்விகளையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது பெற்றோராகிய நம் கடமையாகும்.