வள்ளல் அழகப்பரும் ஒரு துளி இரத்தமும்

சென்ற ஐப்பசியில் தேர்த்திருவிழாவுக்காகக் கல்பாத்திக்குச் சென்றிருந்தேன். தெருவில் விசுவநாத சுவாமியின் தேர் அசைந்து வர, திண்ணையில் என் பாட்டி விரலை நீட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். அவருக்கு நீரிழிவு. விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைச் சிறு பட்டையில் ஏற்றினேன். சர்க்கரை மிகுதி என்றது கருவி. பாயசம் இல்லை என்றேன் நான். பட்டை விலை அதிகமென்று மாதத்துக்கு ஒன்றுதான் செலவழிப்பதாகப் பாட்டி சொன்னபோது, வேதியியல் மாணவனாகிய எனக்கு நெஞ்சு சுருக்கென்றது.

அத்தகைய பட்டைகள் பலவற்றில் இருப்பது கரி மின்வாய்தான். நொதி ஒன்று குளுக்கோசிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறிக்கிறது. இடையிலுள்ள வேறொரு பொருள் அவற்றைக் கரியிடம் சேர்க்கிறது. அப்போது எழும் மின்னோட்டமே சர்க்கரையின் அளவைக் காட்டுகிறது. கரி மலிவானது, மின்சாரத்தைக் கடத்துவது, மைபோல் அச்சிடத் தக்கது.

இத்துறையை எண்ணும்போதெல்லாம் என் நினைவில் நிற்பவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1909 ஏப்ரல் 6-ஆம் நாள் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார், இலண்டனில் பாரிஸ்டரானார், விமானம் ஓட்டவும் கற்றார். எங்கள் பக்கத்துக்கும் அவர் அயலார் அல்லர். திருச்சூருக்குத் தெற்கே அவருடைய துணி ஆலை எழுந்த ஊர் இன்றும் அளகப்பநகர் என்றே வழங்குகிறது.

1947-இல் காரைக்குடியில் கல்லூரி கண்டார். விடுதலை பெற்ற நாடு ஆராய்ச்சிக் கூடங்கள் அமைக்க முனைந்தபோது, 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்து, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் காரைக்குடிக்குக் கொணர்ந்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கொடுத்த கைகளைக் கொடிய நோய் வருத்திய காலம் அது. ஆயினும் கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை. 1957 ஏப்ரல் 5-இல் மறைந்தார்; 48 வயது நிறைய ஒரே நாள் இருந்தது.

குளுக்கோசை அளக்கும் நொதி மின்வாயைப் பற்றி அமெரிக்கர் லேலண்ட் கிளார்க் அறிவித்தது 1962-இல். அழகப்பர் அதனைக் காணவில்லை. பாட்டியின் பட்டை காரைக்குடியில் பிறந்ததென்றும் நான் சொல்லவில்லை. ஆனால் மின்வாய்களையும் உணரிகளையும் ஆராய்வோர் இன்று அவர் ஈந்த மண்ணில் உழைக்கின்றனர். தாம் பயிலாத ஓர் அறிவியலுக்கு, அதன் பயன் முழுவதும் தெரியுமுன்பே, நிலத்தை எழுதிக்கொடுத்தாரே, அதுவன்றோ கொடை!

நண்பர்களே! படித்து முடித்ததும் ஊரைவிட்டுத் தொலைதூரம் போவது எங்கள் அக்கிரகாரத்துப் பிள்ளைகளின் வழக்கம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இப்போது காரைக்குடிக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். பாட்டி பட்டையை எண்ணி எண்ணிச் செலவழிக்காத நாள் வரவேண்டும். அதற்கு என்னால் ஆனது ஒரு சிறு கரித்துண்டின் அளவேயாயினும் போதும்.