வை.மு. கோதைநாயகி அம்மாள்

பெண் கல்வி அரிதாயிருந்த காலத்தில், பள்ளிப் படிப்பே இல்லாத ஒரு பெண்மணி 115 புதினங்களைப் படைத்தார். 35 ஆண்டுகள் ஒரு திங்களிதழையும் நடத்தினார். அவரே வை.மு. கோதைநாயகி அம்மாள்.

1901 டிசம்பர் முதல் நாளில் பிறந்த இவருக்கு, ஆறு வயது நிரம்பும் முன்னரே திருவல்லிக்கேணி வை.மு. பார்த்தசாரதியுடன் திருமணம் நிகழ்ந்தது. பள்ளி தராத கல்வியைப் புகுந்த வீடு தந்தது. மாமியாரிடம் மொழி பயின்றார். கணவர் அழைத்துச் சென்ற நாடகங்கள் கற்பனையைத் தூண்டின. ஆயினும் எழுதிப் பழகாத கரம் தடையாய் நின்றது. அவர் தளரவில்லை, தாம் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாளை எழுதச் செய்தார். இவ்வாறு பிறந்த ‘இந்திரமோகனா’ நாடகம் 1924-இல் நூலாயிற்று. பின்னர்த் தாமே எழுதக் கற்றார்.

1925-இல், நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். பெண் எழுதுவதையே ஏற்காத சமூகம், அவள் இதழாசிரியராவதை எவ்வாறு பொறுக்கும்? ஏளனமும் வசைமொழியும் வந்தன. இதழை நிறுத்தாமையே அவர் அளித்த மறுமொழி. இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வந்தபோதும் இதழைக் கைவிட்டாரில்லை.

1925-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் துறந்து கதர் அணிந்தார், மேடையேறி முழங்கினார். மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார்; அங்கும் புதினம் எழுதினார். 1956-இல் ஒரே மகனை இழந்த துயரம் அவரை வாட்டியது. 1960 பிப்ரவரி 20-இல் மறைந்தார்.

அவர் இதழ் நடத்திய காலத்திலேயே, 1938-இல், நாகூர் சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா கடமையா’ என்னும் புதினத்தை வெளியிட்டார் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. சமயம் வேறாயினும் இருவரும் கடந்த தடை ஒன்றே.

நரிக்குடி, திருச்சுழி போன்ற வானம்பார்த்த பூமியிலிருந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகும் கனவோடு கல்லூரிப் படியேறும் மாணவியர் பலர். கண்மாய் வற்றிய ஆண்டில் முதலில் நிறுத்தப்படுவது பெண்ணின் படிப்பே. பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோதைநாயகிக்கு ஒரு மாமியார் கற்பித்தார். ஒரு கணவர் துணை நின்றார். ஒரு தோழி எழுதுகோல் ஏந்தினார். நம் பெண்களுக்கு அத்துணையாய் நிற்கப்போகிறவர் யார்? அது நாமாகவே இருப்போமாக!