பஸ்சுக்கு வழிகாட்டிய கணித மேதை

ஒரு பஸ் ஏறுகிறோம். பாதி வழியில் இறங்கி வேறு பஸ் பிடிக்கிறோம். போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருகிறோம். நகரத்துக்குள் இப்படி ஓர் ஏற்பாட்டை முதன்முதலில் செய்து காட்டியவர் யார் தெரியுமா?

பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை பாஸ்கல்!

தாயில்லாப் பிள்ளை

பிளேஸ் பாஸ்கல் 1623-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி கிளெர்மோன் என்ற ஊரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார்.

தந்தை வரி அதிகாரி. அவர் ஓயாமல் கணக்குப் போட்டுத் திண்டாடுவதை மகன் பார்த்தார். கணக்குப் போடும் எந்திரம் ஒன்றை 1642-ல் அமைக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு 20 வயது கூட ஆகவில்லை!

உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும் என்பதையும் அவர் நிரூபித்தார். அவருக்கோ எப்போதும் உடல்நலம் இல்லை. அதனால் அக்காள் கணவரை மலைமேல் ஏறச் சொல்லி, 1648-ல் அந்தச் சோதனையை நடத்தினார்.

ஆளுக்கு 5 காசு

அந்தக் காலத்தில் பாரிஸ் நகரப் பிரபுக்களுக்குச் சொந்தக் கோச்சு வண்டி உண்டு. பணம் படைத்தவர்கள் வாடகை வண்டி அமர்த்திக் கொள்வார்கள். மற்றவர்கள் சேற்றிலும் சகதியிலும் நடக்க வேண்டியதுதான்.

பாஸ்கல் யோசித்தார். வண்டி முழுவதையும் ஒருவரே அமர்த்துவதால்தானே செலவு அதிகம்? பலர் சேர்ந்து போகட்டும். வண்டி குறித்த பாதையில், குறித்த நேரத்தில் ஓடட்டும். ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் புறப்படட்டும். ஆளுக்கு 5 'சோல்' காசு கொடுத்தால் போதும்.

பிரபுக்கள் சிலர் கூட்டுச் சேர்ந்தார்கள். மன்னர் 14-ம் லூயி அனுமதி கொடுத்தார். 1662-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி 7 குதிரை வண்டிகள் ஓடத் தொடங்கின. ஒரு வண்டியில் 8 பேர் உட்காரலாம்.

தெருவெல்லாம் ஒரே கூட்டம்! தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பாஸ்கலின் அக்காள் கில்பெர்த் தம்பி வீட்டுக்குப் போவதற்காகத் தெருவில் காத்து நின்றார். ஐந்து வண்டிகள் அவரைக் கடந்து போயின. ஐந்திலும் இடம் இல்லை!

ஜூலை மாதத்துக்குள் 5 பாதைகள் ஏற்பட்டு விட்டன. அவற்றில் ஒன்று நகரைச் சுற்றி வந்தது. மற்றப் பாதைகளைச் சந்தித்தது. ஒரு வண்டியில் வந்தவர் இறங்கி, இன்னொரு வண்டிக்கு மாறிக் கொள்ள முடிந்தது.

ஏழைக்கு இடமில்லை

ஆனால் ஒரு பெருங்குறை. போர்வீரர்களும், வீட்டு வேலைக்காரர்களும், கூலித் தொழிலாளர்களும் இந்த வண்டிகளில் ஏறக்கூடாது என்று பாரிஸ் உயர் நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. வண்டி யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களுக்கே இடம் இல்லை!

பாஸ்கலின் மனமோ ஏழைகள் பக்கம். புளுவா வட்டாரத்தில் மக்கள் பசியால் வாடியபோது, வண்டி வருமானத்தில் தம் பங்குக்கு 1,000 பிராங்கு முன்பணம் வாங்கி அனுப்ப விரும்பினார். அது கைகூடவில்லை.

அவர் தம் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார். அந்தக் குடும்பத்துக் குழந்தைக்கு அம்மை கண்டது. குழந்தையை வெளியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கடும் நோயாளியான அவரே வீட்டை விட்டு வெளியேறி, அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயே 1662 ஆகஸ்டு 19-ந் தேதி காலமானார். வயது 39.

பெயரிலேயே பொருள்

அவருக்குப் பின் வண்டிக் கட்டணம் உயர்ந்தது. கூட்டம் குறைந்தது. சுமார் 15 ஆண்டுகளில் வண்டிகள் நின்று போயின.

ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. 1828-ல் பாரிஸ் தெருக்களில் மீண்டும் அத்தகைய வண்டிகள் ஓடின. இந்தத் தடவை தடை இல்லை; காசு கொடுத்த யாரும் ஏறலாம். அந்த வண்டிக்கு 'ஆம்னிபஸ்' என்று பெயர். 'எல்லோருக்கும்' என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருள். அதுவே சுருங்கி 'பஸ்' ஆயிற்று.

குழந்தைக்காகத் தம் வீட்டையே விட்டுக் கொடுத்த பாஸ்கல், ஏழையும் ஏறிச் செல்லும் வண்டியைக் காணக் கொடுத்து வைக்கவில்லை.