நிற்கும் இடம் கற்பித்த நல்லாசிரியர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி.)

நம் பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களில் கபடி அறியாதார் இல்லை. அங்கே பிடிப்பதற்கு நிற்பவனே அடுத்த நொடியில் பாடிச் செல்கிறான். கால்பந்திலோ நெடுங்காலம் அப்படி இல்லை. காப்பவன் காப்பவனே, அடிப்பவன் அடிப்பவனே என்று கோடு கிழித்தாற்போல் ஆடினர். அக்கோட்டினை இந்திய மண்ணில் அழித்த பெருமகனார் சையத் அப்துல் ரகீம்.

1909 ஆகஸ்டு 17-ஆம் நாள் ஐதராபாத்தில் அவர் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பட்டம் பெற்றுப் பள்ளி ஆசிரியரானார். 1950-இல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரானார். அவ்வணி 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றபோதும் பயிற்சியாளர் அவரே.

மறு ஆண்டே பேரிடி விழுந்தது. எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவியாவிடம் 1-10 எனத் தோற்றோம். நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர் என்பது ஒரு காரணம். நின்ற இடமும் ஒரு காரணம். பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர் என்பது அக்காலப் பழைய முறை. பின்னிற்கும் இருவரையும் பந்து தாண்டிவிட்டால் கோல்கீப்பருக்குத் துணை யாருமில்லை.

ரகீம் இதனை ஆசிரியருக்குரிய பொறுமையோடு ஆராய்ந்தார். முதலில் பின்களத்தில் மூவரை நிறுத்தினார். பிறகு நால்வர், இருவர், நால்வர் என்னும் முறைக்கு வந்தார். இதன் நுட்பம் எளிய கணக்கே. நடுவில் உள்ள இருவர் முன்னேறினால் தாக்குவோர் அறுவர். பின்வாங்கினால் காப்போரும் அறுவர். அங்கேரியரின் ஆட்டத்திலிருந்து இன்னொன்றும் கற்றார். நடு முன்கள வீரரைச் சற்றுப் பின்னால் நிறுத்தினார். எதிரணிக் காவலர் அவரைத் தொடர்ந்து வந்தால் பின்னே வழி திறக்கும். வராவிட்டால் அவர் தடையின்றிப் பந்தாடுவார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தி இந்தியா நான்காமிடம் பெற்றது.

1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு வந்தது. அப்போதே புற்றுநோய் ரகீமை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றோம். தாய்லாந்துடன் ஆடுகையில் பின்களத் தூண் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போடப்பட்டது. அவரை அமர்த்திவைப்பதா, ஆடவிடுவதா? ரகீம் யாரும் எதிர்பாராததைச் செய்தார். காவலரான அவரை முன்களத்தில் நிறுத்தினார்! அவரது உடல்வலிமை எதிரணிக் காவலரைத் திணறடிக்கும் என்பது கணிப்பு. அருண் கோஷ் முதலியோர் பின்களத்தைத் தாங்கினர். அரையிறுதியில் ஜர்னைல் கோல் அடித்தார். தென்வியட்நாமை 3-2 என வென்றோம்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே அதே தென்கொரியா. அரங்கத்துக் கூட்டம் நமக்கு எதிராகவே முழங்கியது. காய்ச்சலிலிருந்து மீண்ட பீட்டர் தங்கராஜ் கோலைக் காத்தார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. 2-1 என வெற்றி நமதாயிற்று. ஓராண்டும் நிறைவதற்குள், 1963 ஜூன் 11-ஆம் நாள் ரகீம் மறைந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா இதுவரை தங்கம் பெறவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். உன் இடம் பின்னால்தான் என்று ஊர் நமக்கும் கோடு கிழித்ததுண்டு. நிற்கும் இடம் எவருக்கும் பிறவியில் எழுதப்பட்டதன்று. அது தேவையாலும் பயிற்சியாலும் அமைவது. அந்தப் பள்ளி ஆசிரியர் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே. முன்னேற வேண்டிய நேரத்தில் முன்னேறுவோம். தோழன் தளரும்போது பின்வந்து தாங்குவோம்!