சேர் பொன்னம்பலம் இராமநாதர்: இனமும் சமயமும்

ஈழத்துச் சைவவுலகிற்கு விளக்கெனத் திகழ்ந்த சேர் பொன்னம்பலம் இராமநாதர் 1851-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் கொழும்பு மாநகரில் பொன்னம்பல முதலியாரின் புதல்வராய்த் தோன்றினார். சட்டக்கல்வி முற்றி, 1879-இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாய் அமர்ந்தார். தஞ்சை அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகப் பெற்று ஞானநெறியிலும் நின்றார்.

இவர் வாழ்வில் சைவர் ஊன்றிச் சிந்தித்தற்குரிய செய்தியொன்றுண்டு. 1888-இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில், ஈழத்துச் சோனகர் இனத்தாற் றமிழரே, சமயத்தான் மட்டுமே இஸ்லாமியர் என்று இவர் நிறுவ முற்பட்டார். அன்னார் இல்லங்களில் வழங்கும் மொழி தமிழென்பதும், பழக்கவழக்கங்களின் ஒற்றுமையும் இவர் காட்டிய சான்றுகளாம். சோனகரோ இதனை ஏற்றிலர். தமிழரெனக் கணக்கிடப்படின் சபையில் தமக்கெனத் தனியிடம் கிட்டாதென அஞ்சினர். 1889-இல் அவர்க்குத் தனிப் பிரதிநிதித்துவம் கிடைத்தது. 1907-இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் என்பார் இராமநாதர் கூற்றை மறுத்து நூலெழுதினார்.

ஓரினத்தார் பல சமயத்தராதல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. தொண்டை நாட்டிலே சிங்கப்பெருமாள் கோவிற் குடைவரையில் நரசிங்கமூர்த்தியைத் தொழுவாரும், அணித்தேயுள்ள திருக்கச்சூரிற் சிவபெருமானைத் தொழுவாரும் ஒருமொழியினரே. ஆதலின், இனம் வேறு சமயம் வேறு என இராமநாதர் பகுத்தது பொருந்துவதே. ஆயினும், ஒரு கூட்டத்தார் தம்மை யாவரெனக் கொள்கின்றனர் என்பதைப் பிறரொருவர் மொழிச்சான்று கொண்டு முடிவுகட்டல் பொருந்துமோ? பொருந்தாதென்பதே நம் துணிபு.

1915-இற் சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்கும் கலகம் மூண்டது. அரசு படைச்சட்டம் விதித்துச் சிங்களத் தலைவர்களைச் சிறையிட்டபோது, இராமநாதர் அவர்பொருட்டு வாதாடி, இங்கிலாந்து சென்றும் முறையிட்டார். அவ்வறத்தைச் சிங்களர் போற்றினர். ஆனால், முன்னர்த் தமிழரென்று தம்மை அணைத்தவர் தம் இழப்பிற்கு இரங்கிலரே என முஸ்லிம்கள் மனம் நொந்தனர். அணைப்பு வாதத்தளவில் நின்றால் உறவாகாது.

கொழும்புப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கற்றிருப்பணியாகச் செய்தமைத்ததும், 1913-இற் சைவப் பெண்மக்கட்கு இராமநாதன் கல்லூரி நிறுவியதும், 1921-இற் பரமேசுவராக் கல்லூரி நிறுவியதும் இவர்தம் அழியாத் தொண்டுகள். 1930-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் சிவபதமடைந்தார்.

பின்னர் 1990 அக்டோபரில், தமிழ் பேசும் வடபுல முஸ்லிம்கள் தமிழ்ப்படையொன்றால் தம் ஊர்களினின்று துரத்தப்பட்டனர். மொழியொருமை அவரைக் காத்திலது. இனம் உடம்பொடு வருவது. சமயம் உயிரின் பக்குவத்திற்கேற்ப அமைவது. புறச்சமயங்களையும் படிகளாக வைத்தெண்ணும் சித்தாந்தம், ஓருயிரையும் புறந்தள்ளுமாறில்லை. சைவம் தமிழிற் செழித்தது உண்மை; தமிழரெல்லாம் சைவராதல் வேண்டுமென்பதும், சைவரல்லார் தமிழராகார் என்பதும் அதனாற் போதரா. இராமநாதர் வரலாற்றை ஓதுவார் இவ்விரண்டினையும் தெளிவாராக.

திருச்சிற்றம்பலம்.