பந்தைக் கொடுத்தார்கள், மட்டையைக் கொடுக்கவில்லை

சித்திரை பிறந்தால் நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி கிரிக்கெட் போட்டி களைகட்டும். நீலக்கொடி, மைக்செட், டென்னிஸ் பந்து, சுழற்கோப்பை. இந்த ஆண்டும் சில ஆட்டங்களைப் பார்த்தோம். இடைவேளையில் இளைஞர்களிடம் ஒரு கேள்வி கேட்டோம்: இந்தியாவின் முதல் பெரிய பந்துவீச்சாளர் யார்? கபில்தேவ் என்றார்கள், பேடி என்றார்கள். நகரியத்தில் குடியிருக்கும் ஒரு பெரியவர் வினு மன்கட் வரை போனார். பல்வங்கர் பாலு என்ற பெயரை யாரும் சொல்லவில்லை.

அவர் நம்மவர். தீண்டத்தகாத சமூகத்தில் பிறந்து, நூறு ஆண்டுகளுக்கு முன்பே நாடறிந்த வீரரானவர். அதே பாலுதான் 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்து நின்றவரும். அம்பேத்கர் பெயரில் கிரிக்கெட் ஆடும் நமக்கு இது கொஞ்சம் சங்கடமான கதை. அதனாலேயே அவருடைய பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்தே எடைபோட விரும்புகிறோம்.

பாலு 1876-ல் தார்வாரில் பிறந்தார். மராட்டியத்தின் சமார் சமூகம். தந்தைக்கு ராணுவத்தில் வேலை. அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டையும் பந்தும்தான் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். முதல் வேலை புனேயில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில்: மைதானத்தைப் பெருக்குவது, பிட்ச்சில் உருளை இழுப்பது, உறுப்பினர்கள் பயிற்சி எடுக்கும்போது பந்து போடுவது. மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளையர்களின் கிளப்பில் 4 ரூபாய்.

அங்கே கிரெய்க் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் அன்றாடம் அவர் பந்தை எதிர்கொண்டார். தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, மணிக்கணக்காக வீசிய அந்த ஆண்டுகளில்தான் பாலுவின் இடக்கை சுழல் உருவானது. மெதுவாக வரும் பந்து, இரு பக்கமும் திரும்பும். மேலே தூக்கிப் போட்டு ஏமாற்றுவார். வேகத்தை மாற்றினாலும் கை அசைவில் காட்டிக்கொள்ள மாட்டார். நாள் முழுக்க வீசினாலும் அளவு தப்பாது.

ஆனால் அந்த கிளப்பில் அவருக்கு ஒருமுறைகூட மட்டையைக் கொடுக்கவில்லை. பேட்டிங் துரைமாரின் வேலை, வீசுவது கூலிக்காரன் வேலை. முதல்தர ஆட்டங்களில் பாலுவின் கணக்கைப் பாருங்கள்: 33 ஆட்டம், 179 விக்கெட், ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்த ரன் சராசரியாக 15 சொச்சம். எந்தக் காலத்திலும் இது முதல்வரிசைக் கணக்கு. பேட்டிங்கில் 753 ரன், சராசரி 14-ஐத் தொடவில்லை. பாலுவுக்கு பேட்டிங் பலவீனம் என்று புள்ளிவிவரம் சொல்கிறது. அந்தப் பலவீனத்தை அவருக்குள் வைத்தது யார் என்பதைப் புள்ளிவிவரம் சொல்லாது. ஒரே ஷிப்டில் ஒரே வேலையை வேறு வேறு சம்பளத்துக்குச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த நம் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

வெள்ளையரைத் தோற்கடிக்க வேண்டுமானால் பாலு வேண்டும் என்று புனே இந்துக்களுக்குத் தெரிந்தது. சாதி என்ன ஆவது? மைதானத்தில் எல்லோரும் தொட்ட பந்தைத்தான் அவரும் தொட்டார். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, அவருக்கு வெளியே மண்குவளை. நம் ஊர் டீக்கடை இரட்டைக் குவளையின் அண்ணன் அது. சாப்பாடும் தனியாகத்தான்.

பிளேக் நோய் பரவிய காலத்தில் பாலு பம்பாய்க்குப் போனார். ரயில்வேயில் வேலை கிடைத்தது. அங்குள்ள இந்து ஜிம்கானாவில் சிலர் எதிர்த்தும் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள், காலப்போக்கில் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். 1906-ல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ரன்னில் வென்றபோது பாலுவும் தம்பி சிவராமும் அணியில் இருந்தனர். மறு ஆண்டும் வெற்றி. சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் இது வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்க முடியாது.

1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. மகாராஜா சில ஆட்டங்களோடு விருந்து, கேளிக்கை என்று ஒதுங்கிக்கொண்டார். அணி ஆறு ஆட்டம் வென்றது, பதினைந்து தோற்றது. அந்தத் தோல்விகளுக்கு நடுவே 35 வயது பாலு எடுத்த விக்கெட் 114. அவர் திரும்பி வந்தபோது பம்பாயில் தாழ்த்தப்பட்ட மக்கள் எடுத்த பாராட்டு விழாவில் வரவேற்பு மடல் அளித்த இளைஞர் அம்பேத்கர் என்று வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. அப்போது அவர் கல்லூரி மாணவர், பாலு அவருக்கு நாயகன்.

இவ்வளவு செய்தவருக்கு இந்து அணியின் கேப்டன் பதவி மட்டும் கிடைக்கவே இல்லை. ஆண்டுதோறும் பேச்சு வரும், ஆண்டுதோறும் வேறொருவர் பெயர் அறிவிக்கப்படும். கேப்டனாக இருந்த எம்.டி.பை 1913-ல் ஒரு கூட்டத்தில், மூத்தவரான பாலுவுக்கே இந்தப் பதவி போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிராமணரான அவருக்கு இருந்த நேர்மை தேர்வுக்குழுவுக்கு இல்லை.

1920-ல் பை உடல்நலமில்லாமல் விலகினார். பாலுவை அணியிலிருந்தே எடுத்துவிட்டு, வயதில் இளையவரான தியோதரிடம் தலைமையைக் கொடுத்தார்கள். தம்பிகள் சிவராமும் விட்டலும் காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லி வெளியேறினார்கள். இருவரும் நல்ல பேட்ஸ்மேன்கள், அவர்கள் இல்லாமல் அணி தள்ளாடும். அடுத்த ஆட்டத்துக்குள் தேர்வுக்குழு இறங்கி வந்தது. பை திரும்பி வந்து கேப்டனானார், பாலு துணைக் கேப்டன். ஆட்டத்தின் நடுவே பை களத்தை விட்டு விலகி நிற்க, அந்தச் சிறிது நேரம் பாலு அணியை நடத்தினார். அவருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவுதான். 1923-ல் விட்டல் முறையாகக் கேப்டனானார், அந்த ஆண்டு இந்துக்கள் கோப்பையை வென்றார்கள்.

இனி அரசியல். இங்கேதான் நமக்கு பாலுவோடு சண்டை. 1932-ல் தனித்தொகுதி கேட்ட அம்பேத்கருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். நம் ஊர் எம்.சி.ராஜாவும் அப்போது அதே பக்கம். இரட்டைமலை சீனிவாசன் அம்பேத்கரோடு நின்றார். கடைசியில் புனே ஒப்பந்தத்தில் எல்லோருமே கையெழுத்துப் போட்டார்கள் என்பது வேறு விஷயம். 1933-ல் பம்பாய் மாநகராட்சித் தேர்தலில் பாலு இந்து மகாசபை வேட்பாளராக நின்று தோற்றார். இந்துவாகச் சாகமாட்டேன் என்ற அம்பேத்கரின் 1935 அறிவிப்பை அவரால் ஏற்க முடியவில்லை. 1937-ல் பம்பாய் சட்டமன்றத்துக்கு அம்பேத்கர் நின்ற இடத்தில் காங்கிரஸ் பாலுவை நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 வாக்கு, பாலுவுக்கு 11,225. தலித்தை வீழ்த்த தலித்தை நிறுத்தும் வித்தைக்கு அன்றே வயது வந்துவிட்டது.

இதை வைத்து அவரைத் துரோகி என்று முடித்துவிடலாம். நாம் அப்படிச் செய்யத் தயாரில்லை. தன் வாழ்நாளில் மண்குவளை பீங்கான் கோப்பையாக மாறியதைப் பார்த்தவர் அவர். வெளியே நின்று தேநீர் குடித்தவர் உள்ளே பந்தியில் உட்கார்ந்தார். திறமையைக் காட்டி, பொறுமையாக இருந்தால் இந்து சமூகத்தின் கதவும் அப்படியே திறக்கும் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1910 முதல் 1920 வரை பொறுமையாக இருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. தம்பிகள் இருவர் வெளியேறியதும் நடந்தது. உரிமைக்காகத் தனியே நின்று பேரம் பேசுவதுதானே அம்பேத்கரின் வழி? தன் வீட்டிலேயே வென்ற வழியை பாலு அரசியலில் கண்டுகொள்ளவில்லை. பேட்டிங்கில் இருந்த பலவீனத்தை மற்றவர்கள் கணக்கில் எழுதலாம், இதை அவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

பாலு 1955 ஜூலை 4-ல் பம்பாயில் காலமானார். தியோதர் பெயரில் தேசியக் கோப்பை நடத்தியிருக்கிறார்கள். ரஞ்சி, துலீப், விஜய் ஹசாரே பெயர்களிலும் உண்டு. பாலு பெயரில் அப்படி ஒன்று இல்லை.

அடுத்த சித்திரையில் சிறந்த பந்துவீச்சாளர் பரிசுக்கு அவர் பெயரை வைக்கலாமா என்று போட்டி நடத்தும் இரண்டு குழுக்களிடம் கேட்டுப் பார்த்தோம். அண்ணலை எதிர்த்தவர் பெயர் அண்ணல் பிறந்தநாளில் எதற்கு என்று ஒரு குழுவில் மறுத்துவிட்டார்கள். இன்னொரு குழுவில், மண்குவளைக் கதையைக் கேட்ட பிறகு, கூட்டத்தில் வைத்துப் பேசிச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.