சிறையிலிருந்து ஜனாதிபதித் தேர்தலில் நின்ற ரயில் தொழிலாளி

1920-ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டிலே ஜனாதிபதித் தேர்தல். பெருங்கட்சிகள் இரண்டின் அபேட்சகர்களும் பத்திரிகைகளின் பக்கங்களை நிரப்பிக்கொண்டிருந்தனர். மூன்றாவது அபேட்சகர் ஒருவருக்கோ மேடை கிடையாது, ஊர்வலம் கிடையாது. அவர் இருந்த இடம் அட்லாண்டா சிறைச்சாலை. அவருக்குச் சிறை அதிகாரிகள் தந்த எண் 9653. அந்தக் கைதிக்கு 9 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்தன!

யார் அவர்? யூஜின் விக்டர் டெப்ஸ். ரயில் தொழிலாளி. குண்டு வீசியா சிறை சென்றார்? இல்லை. கஜானாவைக் கொள்ளையடித்தாரா? இல்லை. பேசினார். அதற்குப் பத்தாண்டுச் சிறை!

வாஷிங்டனில் இருக்கும் மத்திய சர்க்காரை நம்பாதே, அதன் கையை ஓங்கவிடாதே என்ற குரல் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. ஆனால், தோழர்களே, அந்தக் குரல் பல வாய்களிலிருந்து வந்த குரல். அடிமைகளை விற்று வாங்கிய தென் மாநிலப் பண்ணைப் பிரபுக்களும் அதையே கூறினர். சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தலாகாது என்ற கோடீஸ்வரர்களும் அதையே கூறினர். டெப்ஸும் கூறினார். மூன்றையும் ஒரே தராசிலே போட்டு நிறுப்பது பேதைமை. டெப்ஸின் சந்தேகம் எங்கே பிறந்தது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

1855 நவம்பர் 5-ஆம் நாள் இந்தியானா மாநிலத்தின் டெர்ரி ஹோட் நகரிலே பிறந்தார். பெற்றோர் பிரான்சின் அல்சேஸ் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ரயில்வே பட்டறைக்குச் சென்றார். எஞ்சின்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய பெயின்டையும் சுரண்டும் வேலை. நாளுக்கு ஐம்பது சென்ட் கூலி. பிறகு எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் ஆனார். 1875-இல் ஃபயர்மேன்களின் சங்கத்திலே சேர்ந்தார். நகரசபையின் குமாஸ்தாவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநிலச் சட்டசபைக்கும் சென்றார். அந்நாளில் அவர் கலகக்காரரல்ல. வேலைநிறுத்தத்தைக் கூட விரும்பாதவர். முதலாளியிடம் நியாயம் பேசினால் கேட்பார் என்று நம்பியவர்!

அந்த நம்பிக்கை சிகாகோவிலே பொடியாயிற்று.

எஞ்சின் டிரைவருக்கு ஒரு சங்கம், ஃபயர்மேனுக்கு ஒரு சங்கம், கார்டுக்கு ஒரு சங்கம் என்று ரயில் தொழிலாளர்கள் சிதறிக் கிடந்தனர். ஒரு சங்கம் போராடும்போது மற்றச் சங்கம் வேடிக்கை பார்த்தது. இதைக் கண்ட டெப்ஸ், 1893-இல் எல்லோரையும் ஒன்றாக்கி அமெரிக்க ரயில்வே யூனியனை அமைத்தார். கிரேட் நார்தர்ன் ரயில்வே கூலியைக் குறைத்தது. 1894 ஏப்ரலில் யூனியன் வேலைநிறுத்தம் செய்தது. பதினெட்டே நாட்களில் வெற்றி!

ஆனால் ஒரு கறையையும் மறைக்கலாகாது. நீக்ரோ தொழிலாளர்களை யூனியனில் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, சேர்க்க வேண்டும் என்றார் டெப்ஸ். மாநாடு சிறு வாக்கு வித்தியாசத்தில் மறுத்துவிட்டது. தோழமை பேசிய சங்கமே கதவின் ஒரு பாதியைச் சாத்திக்கொண்டது. கூலி குறைப்பை எதிர்க்கப் புறப்பட்ட படை, தன் பலத்தைத் தானே குறைத்துக்கொண்டது.

அவ்வாண்டே வந்தது பெரும்போர். ஜார்ஜ் புல்மன் என்பவர் ரயில்களுக்குப் படுக்கை வசதியுள்ள பெட்டிகள் செய்யும் முதலாளி. சிகாகோவுக்குத் தெற்கே தன் பெயரிலேயே ஒரு நகரம் கட்டி, அதிலே தன் தொழிலாளரைக் குடிவைத்திருந்தார். தொழிற்சாலையும் அவருடையது, வீடும் அவருடையது, தெருவும் அவருடையது! 1893-இல் வியாபார மந்தம் வந்ததும் கூலியில் சுமார் கால் பங்கை வெட்டினார். வீட்டு வாடகையை மட்டும் குறைக்கவில்லை. பங்குதாரர்களுக்கோ 8 சதவீத லாபம் தவறாமல் சென்றது. 1894 மே 11-இல் தொழிலாளர் வெளியேறினர். புல்மன் பேச மறுத்தார். ஜூன் 26 முதல், புல்மன் பெட்டி கோத்த ரயிலைத் தொடமாட்டோம் என்றது டெப்ஸின் யூனியன். பகிஷ்காரம் 27 மாநிலங்களுக்குப் பரவிற்று.

அப்போது ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்ட். ஜூன் 28-இல் அவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். தொழிலாளர் தினத்தை நாடு முழுவதற்கும் விடுமுறை ஆக்கும் சட்டம்! தொழிலாளிக்குத் திருநாள் தந்த அதே கை, ஒரு வாரம் கழிவதற்குள் தொழிலாளி மீது பட்டாளத்தை ஏவியது.

எப்படி ஏவியது என்பதைக் கவனிக்க வேண்டும். மத்திய சர்க்காரின் சட்ட மந்திரியாக இருந்தவர் ரிச்சர்டு ஓல்னி. ரயில்வே கம்பெனிகளின் வக்கீலாக இருந்து மந்திரி ஆனவர். மந்திரியான பிறகும் ஒரு ரயில்வேயிடம் பணம் பெற்றுவந்தவர்! தபால் தடைப்படுகிறது, மாநிலங்களுக்கிடையே வாணிகம் தடைப்படுகிறது என்று சொல்லி, ஜூலை 2-இல் கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கினார். வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கும்படி தொழிலாளிக்குத் தந்தி கொடுப்பதும் குற்றமாயிற்று. ஏகபோக முதலாளிகளை அடக்குவதற்கென்று 1890-இல் வந்த ஷெர்மன் சட்டமும் தொழிற்சங்கத்தின் கழுத்திலே சுற்றப்பட்டது. சுமார் 3,600 பேர் மத்திய சர்க்காரின் துணைக் காவலராக்கப்பட்டனர். ஆளைத் தேர்ந்தெடுத்தது ரயில்வே முதலாளிகள்; ஆயுதம் தந்ததும் சம்பளம் தந்ததும் அவர்களே. பதவிப் பட்டயம் மட்டும் சர்க்காருடையது!

ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திரத் திருநாள். அன்று சிகாகோவிலே பட்டாளம் நின்றது. இல்லினாய்ஸ் மாநிலத்தின் கவர்னர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டு, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கவர்னர், கண்டனக் குரல் எழுப்பினார். நானும் கேட்கவில்லை, என் சட்டசபையும் கேட்கவில்லை. தேவையானால் மாநிலப் படை இருக்கிறது. எங்களைக் கேளாமல் படை அனுப்ப நீர் யார் என்ற பொருளிலே ஜனாதிபதிக்குத் தந்தி அடித்தார். கேட்பாரில்லை. கலவரம் மூண்டது, பலர் மாண்டனர், யூனியன் நொறுங்கிற்று.

டெப்ஸுக்குக் கோர்ட் அவமதிப்புக்காக ஆறு மாதச் சிறை. இதற்கு ஜூரி விசாரணை கிடையாது. உத்தரவு போட்ட கோர்ட்டே, மீறினாரா என்று தீர்மானித்தது. தண்டனையும் அதுவே தந்தது. ரயில்வே கம்பெனியின் வக்கீல் வேலையை விட்டுவிட்டு வந்த கிளாரன்ஸ் டாரோ அவருக்காக வாதாடினார். 1895 மே 27-இல் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகச் சர்க்கார் பக்கமே தீர்ப்பளித்தது.

ஆனால் ஜனாதிபதியே நியமித்த விசாரணைக் கமிஷன் என்ன கண்டது? புல்மன் கம்பெனி பேச மறுத்ததையும், வாடகையைக் குறைக்காததையும் குறை கூறியது. நீதி வந்தது. யூனியன் மாண்டபிறகு வந்தது!

உட்ஸ்டாக் சிறையிலே டெப்ஸ் படித்தார், சிந்தித்தார். தொழிலாளியின் எதிரே நின்றது ஒரு புல்மன் மட்டுமல்ல. கோர்ட்டும் பட்டாளமும் அவனுக்குப் பின்னே நின்றன என்பதை உணர்ந்தார். சட்டம் செய்யும் இடத்துக்கே தொழிலாளியின் கை செல்ல வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1897-இல் தாம் சோஷலிஸ்ட் என்று அறிவித்தார். 1900-இலிருந்து ஐந்து முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். 1912-இல் 9 லட்சம் வாக்குகள். நூற்றுக்கு ஆறு பேர் அவர் பக்கம்!

1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிற்று. போரை எதிர்ப்போரை அடக்க உளவுச் சட்டம் வந்தது. 1918 ஜூன் 16-இல் ஒஹையோ மாநிலத்தின் கான்டன் நகரிலே டெப்ஸ் பேசினார். அருகிலேயே சிறையில் இருந்த தோழர்களைப் பார்த்துவிட்டு நேரே மேடைக்கு வந்து பேசினார். போரை மூட்டுவது ஆளும் வர்க்கம், அதிலே மடிவது உழைக்கும் வர்க்கம் என்பதே அந்தப் பேச்சின் சாரம். உளவு சொன்னாரா? ஒரு வரி கூட இல்லை! எனினும் கைது, வழக்கு, பத்தாண்டுச் சிறை. விசாரணையில் சாட்சி எவரையும் அவர் அழைக்கவில்லை; பேசியது உண்மை என்று ஒப்புக்கொண்டு நின்றார். 1919 மார்ச் 10-இல் சுப்ரீம் கோர்ட் மீண்டும் ஒருமனதாகத் தண்டனையை உறுதி செய்தது.

போர் ஓய்ந்தது, ஜனாதிபதி வில்சனின் கோபம் ஓயவில்லை. மன்னிப்பு தர மறுத்தார். அடுத்து வந்த ஹார்டிங், 1921 கிறிஸ்துமஸ் நாளில் தண்டனையைக் குறைத்து விடுவித்தார். அட்லாண்டா சிறையின் கைதிகள் ஆரவாரம் செய்து வழியனுப்பினர். வெளியே வந்த டெப்ஸின் உடல் நலிந்திருந்தது. 1926 அக்டோபர் 20-இல் மறைந்தார்.

தோற்றாரா? வாக்கு எண்ணிக்கையில் தோற்றார். ஆனால் அவரை வீழ்த்திய அந்தத் தடையுத்தரவு ஆயுதத்தை 1932-இல் வந்த நாரிஸ்-லாகார்டியா சட்டம் பெரும்பாலும் மழுங்கடித்தது. 1935-இல் வந்த வாக்னர் சட்டம் சங்கம் அமைக்கும் உரிமையை உறுதிப்படுத்தியது. இரண்டும் வாஷிங்டனிலே பிறந்த சட்டங்கள்! 1957-இல் லிட்டில் ராக் நகரிலே நீக்ரோ மாணவர் ஒன்பது பேரைப் பள்ளிக்குள் அழைத்துச் சென்றதும் மத்திய சர்க்காரின் பட்டாளமே. அங்கே மாநில உரிமை என்று முழங்கிய கவர்னர், அந்தப் பிள்ளைகளை வாசலிலே தடுக்கப் படை நிறுத்தியவர்!

ஆகவே, தலைநகரத்தில் குவியும் அதிகாரத்தைச் சந்தேகிப்பது நியாயமே. ஆனால் சந்தேகம் மட்டும் கொள்கையாகாது. பட்டாளம் வந்தால், யார் கேட்டு வந்தது, யாரைக் காக்க வந்தது, யாரை நோக்கித் துப்பாக்கியை நீட்டிற்று என்று கேட்க வேண்டும். மாநில உரிமை என்று ஒருவன் கூவினால், அந்த உரிமையைக் கொண்டு யாரை உயர்த்தப் போகிறான், யாரை மிதிக்கப் போகிறான் என்று கேட்க வேண்டும். ஆல்ட்கெல்டும் மாநில உரிமை பேசினார். அடிமைப் பிரபுவும் மாநில உரிமை பேசினான்.

டெப்ஸ் காட்டிலே ஒளியவில்லை, துப்பாக்கி தூக்கவில்லை. சங்கம் கட்டினார், மேடை ஏறினார், வாக்கு கேட்டார், சிறை சென்றார், சிறையிலிருந்தும் வாக்கு கேட்டார். அதிகாரத்தை நம்பாதவர், மக்களை நம்பினார். தோழர்களே, அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்பவர்களிடம் நாம் எச்சரிக்கையாக இருப்போம்.